வராத மழைக்கு ஒரு பாடத்திட்டம்

எனக்குக் குடலிறக்கம் என்று கண்டுபிடித்த டாக்டர், "கனமா ஏதாவது தூக்கினீங்களா?" என்று கேட்டார். "ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் ஓய்வு, இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கவும் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். சிரிக்கக்கூடாது என்பதற்கு மட்டும் அடிக்கோடு போட்டது என் ஜோக்கின் மேல் அவர் எழுதிய விமர்சனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கல்கத்தாவில், பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினேழு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் லீவு எடுக்கிறவர், தனக்குப் பதிலாக வரப்போகிறவருக்கு நாள்வாரியாகப் பாடத்திட்டம் எழுதி, ஃபைலில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஐந்து பத்தி உள்ள படிவம்: தேதி, பாடம், நோக்கம், நடத்தும் முறை, விளைவு. கடைசிப் பத்தியை வகுப்பு முடிந்த பிறகு பதிலி ஆசிரியர் நிரப்பி, கீழே கையெழுத்துப் போடவேண்டும். ஃபைலின் நகல் ஒன்று பிரின்சிபாலிடம் போய்விடும்.

இந்த ஃபைலை மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு அலமாரியாக எட்டிப்பார்த்தேன். பதினேழு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறவர்களின் மனசு அந்தப் படிவங்களில்தான் இருந்தது. கணக்கு வாத்தியார் வெறும் எண்களை எழுதியிருந்தார். பக்கம், பயிற்சி, கணக்கு, அவ்வளவுதான். அவருக்குப் பதிலாக ஒரு கடிகாரத்தை அனுப்பினால்கூட வகுப்பு நடக்கும். வங்காள மொழி ஆசிரியை பதினைந்து நாளுக்கும் ஒரே வரி எழுதியிருந்தார்: மௌன வாசிப்பு. வேதியியல்காரர் ஒரு படி மேலே போய், வகுப்பறையின் படம் வரைந்து மூன்று இடங்களில் புயல் சின்னம் போட்டிருந்தார். எந்தெந்தப் பிள்ளைகள் என்று பார்த்தேன். மூன்றும் சரி. வானிலைக்காரர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

அப்புறம் என் முறை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் நான் என்னதான் செய்கிறேன் என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. நடக்கும்போது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாய் என்று யாராவது கேட்டால் தடுமாறுவோமே, அப்படி. சனிக்கிழமைக்குள் ஃபைல் போகவேண்டும். ஆகவே எல்லா வருஷமும் செய்வதையே செய்தேன். போன வருஷத்து டைரியை எடுத்து, அதே மூன்று வாரங்களை அப்படியே பார்த்து எழுதினேன்.

இந்த இடத்தில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டும். டைரியை நான் ஒரே மூச்சில் எழுதுகிறவன். தேதியில் பேனாவை வைத்தால் விளைவில்தான் எடுப்பேன். திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து, எல்லாருக்கும் புரிந்துவிடும். என் டைரியில் இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் புரியாமல் போனதில்லை. போன வருஷத்து டைரியை முந்தைய வருஷத்திலிருந்து எழுதியிருந்தேன். அதை அதற்கும் முந்தையதிலிருந்து.

ஃபைலைக் கட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து காளிகாட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குப் பதிலாக வகுப்பு எடுக்கிற ஆசிரியை பார்க்க வந்தார். வங்காளி. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவாக இருக்கும். முன்பு அசன்சோல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை செய்தவர். மகனுக்காக வேலையை விட்டுவிட்டு, பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்திருந்தார். எங்கள் பள்ளியில் பூகோளத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. இந்த மூன்று வாரம் அவருக்குப் பரீட்சை. மாதக் கடைசியில் கமிட்டி கூடி, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். அந்த வயதில் இன்னொரு பள்ளி அவரைக் கூப்பிடப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சந்தேஷ் இனிப்பு டப்பாவை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து என் ஃபைலை எடுத்தார். பேச்செல்லாம் வங்காள மொழியில்தான்; அண்ணனுக்கு தாதா, அக்காவுக்கு தீதி.

"தாதா, ஒரு சின்ன சந்தேகம். வர்ற புதன்கிழமை மழை பெய்யுமா?"

"ஜூலை மாசத்துல கல்கத்தால எந்தப் புதன்கிழமை பெய்யாது?"

"இல்ல, முழங்கால் அளவு தண்ணி நிக்கும்னு போட்டிருக்கீங்க. பதினாலு பேர்தான் வருவாங்கன்னும் இருக்கு. அதனால புதுப் பாடம் எடுக்காம பழைய பாடத்தையே திருப்பிப் பார்த்தாச்சாம். எல்லாருக்கும் புரிஞ்சுதாம்."

போன வருஷம், அல்லது அதற்கும் முந்தைய ஏதோ ஒரு வருஷம், உண்மையாகவே பெய்த மழை அது. நான் அதையும் சேர்த்து எழுதிவிட்டிருந்தேன்.

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பக்கத்தைத் திருப்பினார். "வெள்ளிக்கிழமை பசங்க ரொம்ப நல்ல கேள்வியா கேட்டாங்கன்னு இருக்கு. என்னென்ன கேட்டாங்கன்னு சொன்னா நான் முன்னாடியே படிச்சுட்டுப் போயிடுவேன்."

சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்த என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு கிளம்பியது. தையல் பிடித்து இழுத்தது. வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, "தீதி, டாக்டர் என்னைச் சிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

"எனக்கும் சிரிப்பு வரலை தாதா. புதன்கிழமை பிரின்சிபால் மேடம் வகுப்புல வந்து உட்காரப்போறாங்க. அவங்க கைல இந்த நகல் இருக்கும். அதை வெச்சுட்டுத்தான் பார்ப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிவத்தின் மேலே பதிலி ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. விளைவுப் பத்தி நிரம்பியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால், நடக்காத வகுப்புக்கு அவர் சாட்சி. போடாவிட்டால், கொடுத்த திட்டத்தைப் பின்பற்றாதவர். முதல் வாரம் முழுக்க அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு நாளும் என் வரிக்குக் கீழே பென்சிலால் பொடி எழுத்தில் நடந்ததை எழுதி வைத்திருந்தார்.

"இதை மாத்தித் தரச் சொல்லி நான் வரலை. நகல் போயாச்சு, இனிமே மாத்தினா அது வேற கதை ஆயிடும்" என்றார். "புதன்கிழமை ஜோவார்-பாட்டா பாடம் ஆரம்பிக்கணும். ஆத்துத் தண்ணி ஏறி இறங்கறது. எனக்கு ஒரு யோசனை இருக்கு. ஆனா வகுப்பு உங்களுது. நீங்க இதை எப்படி நடத்துவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

எப்படி நடத்துவேன்? வாயைத் திறந்தேன். "அது வந்து, முதல்ல சந்திரன்லேர்ந்து ஆரம்பிச்சு..." என்று கையை ஆட்டினேன். கை நன்றாகத்தான் ஆடியது. வேறொன்றும் வரவில்லை. "நான் இன்னிக்குள்ள யோசிச்சு எழுதி அனுப்பறேன்" என்றேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள். அவள் பாங்கில் வேலை செய்கிறவள். ஒரு தாளைப் பார்த்தால் அதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"நடத்துங்க பார்ப்போம். நான்தான் ஒன்பதாம் வகுப்பு."

படுத்தபடியே நடத்தினேன். அவள் போனில் நேரம் வைத்தாள். வருகைப் பதிவு, ஜன்னல் ஓரத்துப் பெண்ணைக் கிண்டல், சாக்பீஸ் எடுத்துவர ஆள் அனுப்புவது, சாக்பீஸ் ஏன் தாமதம் என்று ஒரு ஜோக், அப்புறம் சந்திரன், இழுப்பு, கடல் ஏறுவது, இறங்குவது. என் அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கப்பலை டாக்குக்குள் விடுவார்கள் என்று அவர் சொன்ன கதை ஒன்று. மணி அடித்தது.

"முப்பத்தெட்டு நிமிஷம். அதுல பாடம் ஆறு நிமிஷம்" என்றாள்.

"அப்பா கதையைச் சேர்த்தியா?"

"சேர்த்துத்தான் ஆறு."

பதினேழு வருஷம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதில் ஆறு நிமிஷம்தான் வேலை என்று தெரிந்தால் மனிதனுக்கு வருத்தம் வரவேண்டும். எனக்கு, உண்மையைச் சொன்னால், ஆச்சரியம்தான் வந்தது. மிச்ச முப்பத்திரண்டு நிமிஷத்தில் அந்தப் பிள்ளைகள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? அவர்களுக்குப் பாடம் எங்கிருந்து வந்தது? நிச்சயமாக டியூஷனில்தான்.

அன்று எதுவும் எழுதி அனுப்பவில்லை. செய்யவேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பிரின்சிபாலுக்குப் போன் செய்து, அந்தப் பத்திகளை நிரப்பியது நான், எப்போதுமே இப்படித்தான் நிரப்புவேன் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் தப்பிக்க இன்னொரு வழியும் இருந்தது. மழை பெய்யவேண்டும். புதன்கிழமை நல்ல மழை பெய்து, பள்ளிக்குப் போகிற வழியில் ஹாஸ்ரா முக்கில் முழங்கால் தண்ணீர் நின்றுவிட்டால், என் ஃபைல் தானாகவே நிஜமாகிவிடும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் படுத்துக்கொண்டு போனில் வானிலையைப் பார்த்தேன். மஞ்சள் வட்டம். மறுபடி பார்த்தேன். மறுபடி மஞ்சள் வட்டம்.

"நீங்க ஒரு பொய் எழுதினதுக்காக ஊரே முங்கணுமா?" என்றாள் மனைவி.

"ஊர் எப்படியும் முங்கத்தான் போகுது. நாளைக் கொஞ்சம் முன்னாடி வெச்சுக்கலாமேன்னுதான்."

"அந்தம்மா வேலை போச்சுன்னா அதுக்கும் ஒரு ஜோக் வெச்சிருக்கீங்களா?"

இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் செய்தேன்.

எங்கள் பிரின்சிபால் குறைவாகப் பேசுகிற அம்மாள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நானோ ஜோக்கே இல்லாமல் பேசி வழக்கமில்லாதவன். எனக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அவங்க சொல்லி நீங்க கூப்பிடறீங்களா?"

"இல்ல மேடம். அவங்க கேக்கவே இல்ல. அவங்க கைல இருக்கற ஃபைல்ல முதல் வாரப் பக்கத்தைப் பாருங்க, ஒரு கையெழுத்துகூட இருக்காது. பென்சில்ல எழுதியிருப்பாங்க. அதுதான் நடந்தது."

"அப்ப உங்க டைரிகள்ல இருக்கறது?"

"அது நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நான் நினைச்சது, மேடம்."

பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நடக்க முடியுமா உங்களால?" என்றார். "மெதுவா முடியும்." "நாளைக்கு மூணாவது பீரியட். வந்து கடைசி பெஞ்சுல உட்காருங்க. உங்க வகுப்பு எப்படி நடக்குதுன்னு நீங்களும் பார்க்கணும் இல்லையா?"

புதன்கிழமை வெயில் கொளுத்தியது. மனைவி அரைநாள் லீவு போட்டு டாக்ஸியில் கூட்டிப்போனாள். காளிகாட்டிலிருந்து பவானிபூருக்குள் எத்தனை பள்ளம் என்று பூகோள ஆசிரியனான எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் தையல் எண்ணிச் சொன்னது. பெல்ட் போட முடியாததால் பைஜாமா குர்த்தாவில் போயிருந்தேன். வகுப்பில் நுழைந்ததும், "ஸார், யாருக்குக் கல்யாணம்?" என்று ஒரு குரல் வந்தது. நாற்பத்தொரு பேர். ஒருவர்கூட லீவு இல்லை. பிரின்சிபால் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மடியில் என் ஃபைலின் நகல், முழங்கால் தண்ணீர்ப் பக்கத்தில் திறந்திருந்தது.

அந்த ஆசிரியை சந்திரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையே பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தாராம். காளி கோவிலுக்குப் பின்னால் ஓடுகிற ஆதி கங்கைக் கரையில் இருக்கிறவர்களும், கிடர்பூர்ப் பக்கம் நதியோரம் இருக்கிறவர்களும், சாயங்காலம் தண்ணீர் படிக்கட்டில் எந்த நேரத்துக்கு மிக உயரமாக நிற்கிறது என்று ஐந்து நாள் குறிக்கவேண்டும். தண்ணீர்ப் பக்கம் வீடு இல்லாதவர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்ளவேண்டும். இப்போது ஒவ்வொரு குழுவாக வந்து கரும்பலகையில் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் புள்ளி கொஞ்சம் தள்ளி, தள்ளி விழுந்தது. எல்லாக் குழுவின் புள்ளியும் சாய்வாக ஒரே பக்கம் போனது. ஒரு குழுவுடையது மட்டும் குச்சி நட்டதுபோல நேராக நின்றது. ஐந்து நாளும் நான்கு மணி.

ஆசிரியை அந்தக் குழுவின் அட்டையை வைத்திருந்த பெண்ணைப் பார்த்தார். "அஞ்சு நாளும் சரியா நாலு மணிக்கா?"

"ஆமா மிஸ்."

"ரொம்ப ஒழுக்கமான ஆறு. இதை எப்ப எழுதினே?"

அந்தப் பெண் அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. "வெள்ளிக்கிழமை மிஸ். அஞ்சு நாளுக்கும் சேர்த்து. தினமும் அதே மாதிரிதானே இருக்கும்னு நினைச்சேன்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, டாக்டர் சொன்னதற்காக அல்ல. அந்த அறையில் அந்தப் பெண்ணைப் புரிந்துகொள்ளத் தகுதியுள்ள ஒரே ஆளாக, கடைசி பெஞ்சில் பைஜாமாவோடு நான் உட்கார்ந்திருந்தேன். பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, மறுபடி பலகையைப் பார்த்தார்.

ஆசிரியை திட்டவில்லை. அந்த நேர்க்கோட்டை அழிக்கவும் இல்லை. "எல்லாரும் நினைக்கறது அப்படித்தான். நினைச்சது இங்க இருக்கு, பார்த்தது பக்கத்துல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்றார். பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம் போல வந்தது. ஏன் ஐம்பது என்ற சண்டை முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. சந்திரன் என்ற வார்த்தையை முதலில் சொன்னது, இதற்கு முன் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை.

வெளியே போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் காரணம் கேட்டுவிட்டு, ஆசிரியை பேனாவை எடுத்து, ஃபைலில் என் வரிக்குக் கீழே எழுதினார். முதல் தடவையாகக் கையெழுத்தும் போட்டார். பிரின்சிபால் வாங்கிப் படித்தார்.

"பதினொரு பேருக்குக் காரணம் புரிந்தது. மற்றவர்களுக்குத் தள்ளிப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. நாளை மறுபடி." படித்துவிட்டு நிமிர்ந்தார். "நாற்பத்தொண்ணுல பதினொண்ணா? இதைக் கமிட்டி பார்க்கும், தெரியுமா?"

"பதினொண்ணுதான் மேடம். எல்லார்கிட்டயும் கேட்டுத்தான் எழுதினேன்."

"நாளைக்கு எத்தனை ஆகும்?"

"அதை நாளைக்குத்தான் எழுத முடியும்."

பிரின்சிபால் என் வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். கோடு நேராக இருந்தது.

மாதக் கடைசியில் கமிட்டி கூடியபோது, நிரந்தர ஆசிரியரின் வகுப்பில் எல்லாருக்கும் புரிகிறது, இந்த அம்மாள் வகுப்பில் கால்வாசிப் பேருக்குத்தானா என்று ஒருவர் கேட்டாராம். பிரின்சிபால் அடுத்த இரண்டு நாள் பக்கங்களை நீட்டியிருக்கிறார். மறுநாள் பத்தொன்பது, அதற்கு மறுநாள் முப்பத்திரண்டு, மிச்சம் ஒன்பது பேருக்குத் தனியாகச் சொல்லித் தரவேண்டும் என்ற குறிப்பு. நானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன், என் வாழ்க்கையிலேயே ஜோக் இல்லாத ஒரே கடிதம். அவரை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். எனக்கு ஆறாம் வகுப்பு. கனம் குறைவு என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், மகனைக் கல்லூரியில் சேர்க்க அவர் லீவு எடுத்தார். பதிலி ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இருந்தது. மேஜையில் எனக்காக அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். ஆவலோடு எடுத்துப் படித்தேன். வகுப்பை நான்காகப் பிரித்து, ஊரின் வரைபடத்தைக் கொடுத்து, ஆதி கங்கை முன்பு எந்த வழியாக ஓடியிருக்கும் என்று வரையச் சொல்லவேண்டும். அவர்கள் சண்டை போடுவார்கள், போடட்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், கேள்வியை எழுதி வைத்துக்கொண்டால் போதும். கடைசியில் ஒரு வரி: தாதா, ஜோக் சொல்லலாம், ஒன்று.

அந்த ஒன்றை முதல் நிமிஷத்திலேயே செலவழித்துவிட்டேன். மிச்ச நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு வகுப்பில் நடந்தேன். ஏழு கேள்விகள் வந்தன. அவற்றில் இரண்டுக்கு எனக்கே விடை தெரியவில்லை.

மறுநாள் காலை தாளை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். நான்காவதில் விரலை வைத்தார். "இதுதான் முதல்ல ஓடின கங்கைன்னா, தண்ணி ஏன் இந்த வழியை விட்டுட்டுப் போச்சு? இதைக் கேட்டது யாரு தாதா?"

"பார்க்கலையே. கேள்வியைத்தான் எழுதச் சொல்லியிருந்தீங்க. யார் கேட்டாங்கன்னு எழுதணும்னு உங்க பிளான்ல இல்லை."

"தப்புதான். அடுத்த தடவை அதையும் எழுதறேன்" என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்குக் கிளம்பினார்.

"நானும் வரட்டுமா தீதி? யாருன்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

"உங்களுக்கு இப்ப ஆறாம் வகுப்பு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.